ஆர்.எஸ்.புரத்துக்குள் தினப்படி வேலைக்கு சைக்கிள் சரிவருமா?

கோபிக்காரி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபியிலிருந்து கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்குக் குடி வந்து எட்டு மாதம் ஆகிறது. பையன் படிப்புக்காக வந்தோம். வீட்டுக்காரர் தினமும் ரயிலேறித் திருப்பூர் போய்வருகிறார். நான் போகவேண்டிய இடமெல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. உழவர் சந்தை, மருந்துக்கடை, போஸ்ட் ஆபீஸ், பையனுடைய டியூஷன், பொழுதோட காந்தி பார்க், அவ்வளவுதான். இதற்கு ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டரைக் கிளப்பி, டி.பி. ரோட்டில் (திவான் பகதூர் ரோடு) நிறுத்த இடம் தேடித் தேடியே கால் மணி நேரம் போய்விடுகிறது. நடந்து போகலாம் என்றால் திரும்பும்போது பை கனக்கிறது.

சின்ன வயதில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டித்தான் பள்ளிக்கூடம் போனேன், மழையில் சேற்றில்கூட ஓட்டியிருக்கிறேன். அதனால் ஓட்டத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை. இருபது வருடமாக விட்டுப் போயிற்று, இது கோயமுத்தூர், அதுதான் பயம். லாலி ரோடு சந்திப்பைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. எந்த வழியில் போவது, எந்த மாதிரி சைக்கிள் வாங்குவது, சந்தைப் பையை எப்படிக் கட்டுவது என்று தினமும் ஓட்டுகிறவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் "காரும் ஸ்கூட்டரும் நிக்கையில சைக்கிள்ல போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க" என்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வண்டியில் அடிபடக்கூடாது, அது ஒன்றுதான் என் கவலை.


தடாகம் ரோட்டுக்காரன்:

தாராளமாக முடியும் அக்கா. ஒன்பது வருடமாக இதே ஏரியாவில் தினமும் ஓட்டுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஸ்கூட்டரில் போகிற வழியிலேயே சைக்கிளிலும் போக நினைக்காதீர்கள். ஸ்கூட்டருக்குப் பெரிய ரோடு சுலபம், சைக்கிளுக்குச் சந்துதான் சுலபம். இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆர்.எஸ்.புரம் இதற்கென்றே அமைந்த இடம். பழைய திட்டப்படி கோடு கிழித்தமாதிரி போட்ட ஊர் (ரத்தினசபாபதி முதலியார் பெயரில்தான் இந்தப் புரம், திவான் பகதூர் ரோடும் அவருடைய பட்டத்தை வைத்து வந்ததுதான்). பாஷ்யகாரலு ரோடு, ஆரோக்கியசாமி ரோடு, பொன்னுரங்கம் ரோடு, பெரியசாமி ரோடு என்று வரிசையாக இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு துண்டு உண்டு. நடுவில் டி.பி. ரோடு வெட்டுவதால்தான் அந்தப் பெயர். அதனால் டி.பி. ரோட்டின் நீளத்துக்கு ஓட்டவே வேண்டியதில்லை, குறுக்கே கடந்தால் போதும். கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டுமா, ஒரு குறுக்கு ரோட்டைப் பிடித்து வந்து, டி.பி. ரோட்டில் ஒரு நிமிடம் நின்று, ஆள் கடக்கிற மாதிரி கடந்து, அதே பெயருள்ள அடுத்த துண்டில் ஏறிக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகப் போக வேண்டுமென்றாலும் உள்ளே சின்ன ரோடுகள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வெள்ளெனே ஆறு மணிக்குக் கிளம்பி எல்லாச் சந்திலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்கே முட்டுச் சந்து, எங்கே ஒருவழி, எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் மேப்பில் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும்.

டி.பி. ரோட்டிலேயே கொஞ்ச தூரம் போகவேண்டி வந்தால், நிறுத்தியிருக்கிற காரை உரசிக்கொண்டு போகாதீர்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான் என்று ஓரத்தில் ஒண்டுவோம், அங்கேதான் ஆபத்து. காருக்குள் இருப்பவர் பார்க்காமல் கதவைத் திறந்தால் நேராக அதில் மோதி ரோட்டு நடுவில் விழுவோம், எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது, தோள்பட்டை மூன்று வாரம் வலித்தது. ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் நம்மேல் படாத அளவுக்குத் தள்ளி ஓட்டுங்கள். ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். நேர்கோட்டில் நிதானமாகப் போகிற சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போக அவனுக்கு இடம் இருக்கும்.

லாலி ரோட்டுக்கு வருவோம். சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்த சந்திப்புகள் எல்லாமே சைக்கிள்காரனுக்குக் கஷ்டம்தான், லாலி ரோடு மட்டும் இல்லை. கார்காரன் சுற்றிக்கொண்டு வருகிற அதே சுற்றை நாமும் சுற்றினால் நாலு பக்கமும் வண்டி உரசும். நான் அந்தமாதிரி இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறேன். கீழே இறங்கிவிட்டால் நீங்கள் நடந்து போகிற ஆள், வண்டிக்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒன்பது வருடம் ஓட்டியும் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற, கூடுகிற நேரத்தில் வேன்கள் சந்துக்குள்ளும் புகுந்து வரும். அதற்கு அரை மணி முன்னாலோ பின்னாலோ போனால் அதே ரோடு காலியாக இருக்கும்.


ஒண்டிப்புதூர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒருவழி ரோட்டில் எதிர்த்திசையில் ஓரமாகப் போனால் எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும், அதனால் அதுதான் பத்திரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருகிற வண்டி நமக்குத் தெரியாது இல்லையா?


தடாகம் ரோட்டுக்காரன்:

அண்ணா, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வண்டி தெரிகிறது, சரி. பக்கத்துச் சந்திலிருந்து ரோட்டில் ஏறுகிற ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார்? வண்டி வருகிற பக்கத்தை மட்டும் பார்ப்பார். நீங்கள் மறுபக்கத்திலிருந்து வருவது அவர் கணக்கிலேயே இருக்காது. நேருக்கு நேர் வந்தால் இரண்டு வேகமும் சேர்ந்துகொள்ளும் வேறு. பின்னால் வருவது தெரியவில்லை என்றால் ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், ஒரு சந்து தூரம்தானே.

இன்னொன்று, பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். நின்றிருக்கிற பஸ் எப்போது இடது பக்கம் ஒடிக்கும் என்று சொல்ல முடியாது, டிரைவருக்கு அந்த மூலையில் நம்மைத் தெரியவே தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்று, அது கிளம்பின பிறகு போங்கள்.


சந்தைக்குப் போகும் அக்கா:

அம்மிணி, நான் இதே உழவர் சந்தைக்கு வாரம் மூன்று நாள் சைக்கிளில் போகிறவள், வயது ஐம்பத்துநாலு. பை விஷயம் நான் சொல்கிறேன்.

கட்டைப்பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடவே கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு இது. ஒரு பக்கம் கனம் ஏறினால் திருப்பும்போது ஹேண்டில் தானாக இழுக்கும். அதைவிட மோசம், பை ஆடி ஆடி முன்சக்கரத்துக் கம்பிக்குள் நுழைந்துவிடும், சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். நான் பூ மார்க்கெட் பக்கத்தில் அப்படி விழுந்திருக்கிறேன், தக்காளி போனது போகட்டும், முன்பல்லில் கொஞ்சம் போயிற்று. இப்போது பின்னால் கேரியரில் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி கான்வாஸ் பை தைத்து வைத்திருக்கிறேன். தேங்காய், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து அடியில், கீரையும் தக்காளியும் முன்கூடையில். கனம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏழெட்டுக் கிலோ வரைக்கும் ஓட்டும்போது தெரியவே தெரியாது. நிறுத்தும்போதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒற்றைக்கால் ஸ்டாண்டு கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பெரிய ஸ்டாண்டு போட்டு வாங்குங்கள்.

சேலையோ சுடிதாரோ, செயினை முழுசாக மூடுகிற கவர் வேண்டும், பின்சக்கரத்துக்கு வலை வேண்டும். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திவிடுங்கள். நடுக்கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிள்தான் சந்தைக்குத் தோது, பை கட்டின பிறகு காலைத் தூக்கிப் பின்னால் போட முடியாது.

ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் ஒருதரம் "சைக்கிள் இங்கே நிறுத்தக்கூடாதுங்க" என்று விரட்டினார். அதே இடத்தில் எட்டு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே போய் மேனேஜரிடம், இரண்டு சேலை எடுக்க வந்தேன், சைக்கிளுக்கு இடம் இல்லை என்றால் வேறு கடைக்குப் போகிறேன் என்று மரியாதையாகச் சொன்னேன். அன்றிலிருந்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீங்களும் கேளுங்கள். வாய் திறந்து கேட்டால்தான் அவர்களுக்கும் இப்படி ஒருத்தி வருகிறாள் என்று தெரியும். வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான், ஒரு மாதம் போனால் "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வந்துரு" என்று அவர்களே சொல்வார்கள்.

பூட்டு நல்லதாக வாங்குங்கள். பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலிப் பூட்டு போட்டு, பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு கட்டுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே நம்பர் அடித்திருக்கும், அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோய் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.


கோட்டம் எடுக்கிறவன்:

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அதனால் வண்டியைப் பற்றி மட்டும். உங்கள் ஏரியா சமதளம், இரண்டு கிலோமீட்டர் தூரம். இருபத்தொரு கியரெல்லாம் வேண்டாம். கியர் இல்லாத வண்டி, கேரியர், கூடை, மட்கார்டு, பெல், அவ்வளவு போதும். கியர் வண்டி வாங்கிவிட்டு ஒரே கியரில் ஓட்டுகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். அதுவும் ஒரே பல்சக்கரம் மட்டும் தேய்ந்து, கியர் ஒயர் துருப்பிடித்து. வீட்டில் பழைய சைக்கிள் கிடந்தால் புதிதே வேண்டாம். ஒரு ஓவராயில் (முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவது), புது டயர், டியூப், பிரேக் கட்டை, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தல் (வளைவை நேராக்குவது), இவ்வளவு செய்தால் ஓடும்.

சீட் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பயத்தில் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், ஒரே வாரத்தில் முழங்கால் வலி என்று வருகிறார்கள். முதல் இரண்டு நாள் தாழ்த்தி ஓட்டிப் பழகுங்கள், அப்புறம் உயர்த்திவிடுங்கள்.

காற்று. டயர் பக்கவாட்டில் காற்றழுத்தம் எவ்வளவு பிஎஸ்ஐ என்று அச்சடித்திருக்கும், அதற்குள் இருக்க வேண்டும். பஞ்சர் என்று வருவதில் பாதிக்கு மேல் காற்றுக் குறைவாக ஓட்டினதுதான், குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கு நடுவில் சிக்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். பழைய மாடல் சைக்கிளில் வால்வு டியூப் என்று சின்ன ரப்பர் இருக்கும், அது இற்றுப்போனாலும் காற்று நிற்காது. ஓரிரு ரூபாய்ச் சாமான், பையில் இரண்டு போட்டு வையுங்கள். பைக் மாதிரி தடித்த வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே பிடிக்கலாம், ஆனால் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம், அந்த வேகத்தில் ஒரே மூச்சில் ஏற்றினால் வெடித்துவிடும். வீட்டில் ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்வதுதான் உத்தமம், வாரம் ஒரு தடவை அடித்தால் போதும்.

மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லேசாக இரண்டு தரம் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். மழை பெய்தால் ரயில்வே சப்வே பக்கம் போகவே போகாதீர்கள். லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், சிவானந்தா காலனி, எல்லாம் தண்ணீர் கட்டுகிற இடங்கள். தண்ணீருக்கு அடியில் என்ன குழி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. நமக்கு ரோடு தெரிவதற்கு இல்லை, ரோட்டுக்கு நம்மைத் தெரிவதற்கு. இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.


மில்காரர்:

கண்ணு, நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன், மூன்று ஷிப்டுக்கும் சைக்கிள்தான். சங்கு ஊதி ஷிப்டு விட்டால் கேட்டிலிருந்து சைக்கிளாகவே வெளியே வரும், ரோடு முழுக்க நாங்கள்தான், பஸ்காரன்கூட நாங்கள் போகட்டும் என்று ஓரம்கட்டி நிற்பான். ராத்திரி ஷிப்டு முடிந்து டைனமோ வெளிச்சத்தில் நாலு பேர் பேசிக்கொண்டே வருவோம், முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் என்று. அந்தக் காலத்தில் கூட்டமே எங்களுக்குக் காவல். இப்போது நீ தனியாக ஓட்டுகிறாய், அதுதான் வித்தியாசம். அதனால் ஆள் சேர்த்துக்கொள். உன் தெருவில் சந்தைக்குப் போகிற இன்னொரு பெண் இருப்பாள், பையனுடைய சிநேகிதர்கள் இருப்பார்கள். இரண்டு சைக்கிள் வரிசையாகப் போனால் ஒற்றைச் சைக்கிளைவிட நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

திரும்புவதற்கு முன்னால் கையைக் காட்டு. இப்போது யாரும் காட்டுவதில்லை, ஆனால் கை நீட்டினால் வண்டிக்காரன் வேகத்தைக் குறைக்கிறான், நான் இன்றைக்கும் பார்க்கிறேன். எழுபத்திரண்டு வயதாகிறது, பால் வாங்க, டீக்கடைக்குப் போக சைக்கிள்தான்.

காற்றையும் கவனி. இந்த ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், ஆனி ஆடியில் மேற்கே இருந்து தள்ளும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. வடவள்ளிப் பக்கமோ பேரூர்ப் பக்கமோ போனால் போகையில் எதிர்காற்று, வருகையில் பின்காற்று. தெம்பு இருக்கும்போது மேற்கே போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிவிடும், அது நல்லதுதான். ஆனால் போகும்போது நேரம் கூட ஆகும், அதைக் கணக்கில் வைத்துக் கிளம்பு.


வடவள்ளி:

எதிர்காற்று என்றதும் எழுதுகிறேன். எனக்கு முழங்கால் பிரச்சினை, மருதமலை ரோட்டில் தினமும் ஏழு கிலோமீட்டர். பேட்டரி சைக்கிள் வாங்கினேன். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். கடையில் கேட்டு, காகிதத்தில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலது அதைவிட வேகமாக ஓடும், அப்போது அது மோட்டார் வண்டி ஆகிவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு இது தேவையே இல்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஓட்ட ஆசைப்பட்டால் யோசிக்கலாம்.


கோபிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், சும்மா நன்றி சொல்லிவிட்டுப் போகாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள்.

புதிது வாங்கவில்லை. கோபியில் அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் என் பழைய லேடீஸ் சைக்கிள் கிடந்தது, ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஓவராயில், இரண்டு டயர், பிரேக் கட்டை, கோட்டம், கூடை, விளக்கு எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் ஆயிற்று. சீட்டை முதலில் தாழ்த்தித்தான் வைத்தேன், மூன்றாவது நாள் உயர்த்தினேன், அப்புறம்தான் ஓட்டுவது பழைய மாதிரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனும் நானும் எல்லாச் சந்தும் சுற்றினோம். எட்டு மாதம் குடியிருந்தும் எனக்குத் தெரியாத ஒரு அரச மரத்தடிப் பிள்ளையார், ஒரு சின்ன மாவு மில், செருப்புத் தைக்கிறவர் ஒருத்தர், எல்லாம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். சந்தைக்கு இப்போது ஒன்பது நிமிடம். ஸ்கூட்டரில் போனபோது பார்க்கிங்கோடு சேர்த்து இருபதுக்கு மேல் ஆகும். டி.பி. ரோட்டை ஒரே இடத்தில்தான் கடக்கிறேன், லாலி ரோட்டில் இறங்கித் தள்ளுகிறேன். கார்க் கதவு விஷயம் ரொம்ப உபயோகமாக இருந்தது, இரண்டாவது வாரமே ஒரு கதவு திறந்தது, நான் தள்ளி வந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

இன்னும் பழகாதது ராத்திரிதான். பையனை டியூஷனிலிருந்து எட்டரைக்குக் கூட்டிவர வேண்டும், அப்போது எதிரே வருகிற வண்டி லைட்டில் கண் கூசுகிறது, ரோட்டில் குழி தெரிவதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் இன்னும் ஸ்கூட்டர்தான் எடுக்கிறேன்.

அப்புறம் மில்காரர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பையனோடு பேரூர் கோயிலுக்குச் சைக்கிளில் போகலாமா என்று நினைக்கிறோம். செல்வபுரம் வழியாகப் போவது சரியா?


மில்காரர்:

போ கண்ணு. காந்தி பார்க்கிலிருந்து செல்வபுரம் தாண்டி நேரே பேரூர் ரோடுதான், ஆனால் வெயில் ஏறிவிட்டால் அந்த ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஜாஸ்தி. ஆறு மணிக்குள் கிளம்பிவிடு. பையனை முன்னால் ஓட்டவிட்டு நீ பின்னால் போ, அவன் உன் கண்ணிலேயே இருப்பான். தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள். சாமி கும்பிட்டுவிட்டு அக்கட்ட நொய்யல் படித்துறையில் சித்த நேரம் உட்கார்ந்துவிட்டு, எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள்.